பழவேற்காட்டில் ஒரு பகல்

சுற்றுலா என்றதும் உதகை, கொடைக்கானல், கன்னியாகுமரி ஆகியவையே நம் மாணவர் நினைவில் முதற்கண் தோன்றுகின்றன. ஆரம்பாக்கம், எளாவூர், கும்மிடிப்பூண்டிப் பகுதிகளில் வாழும் மாணவருள்ளும், ஒரு காலைப் பொழுதில் சென்றடையக்கூடிய பழவேற்காட்டை முறையாகக் கண்டவர் சிலரே ஆவர். சென்றவரும் ஏரியில் பூநாரைகளைப் பார்த்து, வறுத்த இறாலை உண்டு, அந்தி சாயுமுன் திரும்பியிருப்பர். அதில் குற்றமில்லை, இறால் சுவையானதே. ஆயினும் 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கடற்கரை முழுமைக்கும் டச்சுக்காரரின் தலைமையிடமாக விளங்கிய ஊர் அது. ஆங்கிலேயர் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டையை எழுப்பத் தொடங்கிய 1640ஆம் ஆண்டிற்கு ஏறத்தாழ ஒரு தலைமுறைக்கு முன்னரே அங்கே ஐரோப்பியர் கோட்டை ஒன்று நின்றது.

ஊர் சிறியது. காலையில் தொடங்கினால் மாலைக்குள் நடந்தே பார்த்துவிடலாம். எதனை எவ்வரிசையில் காண்பது, கண்டதை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நடக்கத் தொடங்குமுன் ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். இவ்வூரில் கல்லில் எழுதப்பட்டவற்றுள் கண்ணில் முதலில் படுவன டச்சுக்காரரைப் பற்றியனவே. அவர்கள் இங்கு வருவதற்குக் காரணமாயிருந்த நெசவாளர், அவர்களுக்கு முன்பே இங்கிருந்து கப்பல் செலுத்திய முஸ்லிம் வணிகர், அவர்கள் போன பின்பும் இங்கேயே வாழும் மீனவர் ஆகியோருக்கு அத்தகைய கல்வெட்டுகள் இல்லை. ஆதலின் பாதி வரலாற்றைக் கண்ணால் படிக்கலாம். மறுபாதியைச் சொல்லிலும் துணியிலும் வழக்கத்திலும் தேட வேண்டியிருக்கிறது.

ஆரம்பாக்கத்திலிருந்து தொடர்வண்டியில் பொன்னேரி சென்று, அங்கிருந்து பேருந்தில் பழவேற்காடு செல்லலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை உள்ள மாதங்களே ஏற்றவை. பறவைகள் வரும் காலமும் அதுவே. பங்குனி, சித்திரை வெயிலில் இந்நடை துன்பம் தரும்.

பெயர்

வேல் என்பது வேல மரத்தைக் குறிக்கும் பழஞ்சொல். கருவேல், வெள்வேல், குடைவேல் என்னும் மரப்பெயர்களில் அச்சொல் இன்றும் வாழ்கிறது. வேல் + காடு என்பது லகரம் றகரமாகத் திரிந்து வேற்காடு ஆகும். திருவேற்காடும் அவ்வாறு அமைந்ததே. பழைய வேலங்காடு பழவேற்காடு ஆயிற்று எனக் கொள்வதில் இலக்கணத் தடை ஏதுமில்லை. தெலுங்கர் பிரளய காவேரி என்பர். விஜயநகர வேந்தர் காலத்தில் ஆனந்தராயன் பட்டினம் என்ற பெயரும் வழங்கியது. டச்சுக்காரர் நாவில் பாலியகாட்டா என்றும், ஆங்கிலேயர் நாவில் புலிகாட் என்றும் ஆயிற்று. இவ்வாங்கிலப் பெயரைத் தமிழாகக் கருதி, இங்கே புலிகள் இருந்தனவா என வினவுவோரும் உளர்!

ஊரார் இதனைத் தீவு என்பதில்லை. எனினும் ஊருக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஏரி நீர் கிடக்கிறது. அந்நீருக்கு அப்பால் கிடக்கும் மணல்திட்டில் மீனவர் குப்பங்கள் உள்ளன. அவ்வகைத் திட்டே வடக்கே நீண்டு பெருத்து ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவாகிறது. ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு ஏரியே. அதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் அடங்கும். தென்கோடி மட்டும் நம்முடையது.

கல்லறைத் தோட்டமும் கோட்டையும்

வெயில் ஏறுமுன் டச்சுக் கல்லறைத் தோட்டத்தைக் காண்பது நலம். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இவ்விடத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட கல்லறைகள் உள்ளன. நுழைவாயிலின் இருபுறத்தும் இரண்டு எலும்புக்கூடுகள் கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றோடு மணற்கடிகை காணப்படும். உன் காலமும் இவ்வாறே ஒழுகி முடியும் என்பதை எழுத்தறியாதாருக்கும் உணர்த்த அக்கால ஐரோப்பியர் கையாண்ட உருவம் அது. மாணவர்கள் அதன் முன் நின்று ஒளிப்படம் எடுப்பதோடு நிறுத்திவிடுகின்றனர். உள்ளே செல்ல வேண்டும்.

உள்ளே கருங்கற் பலகைகளில் எழுத்துகள் குழித்து வெட்டப்படாமல் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருப்பதைக் கவனிக்கலாம். எழுத்தை விட்டுச் சுற்றியுள்ள கல்லை எல்லாம் களைந்தெடுக்கும் கடினமான வேலை அது. டச்சு மொழி தெரியாதவரும் சில சொற்களை எளிதில் இனங்காணலாம். 'ஹீர்' என்றால் இங்கே; 'பெக்ராஃபன்' என்றால் அடக்கம் செய்யப்பட்ட; 'ஆன்னோ' என்றால் ஆண்டு. இம்மூன்றையும் எண்களையும் கொண்டு, இறந்தவர் யார், எந்த ஆண்டில், எத்தனை வயதில் என்ற அளவிற்குப் படித்துவிடலாம். குடும்பச் சின்னங்கள், பூங்கொடிகள், கூர்நுனித் தூண்கள், வளைவுக் கூரையிட்ட மாடங்கள் என இறந்தவரின் செல்வநிலைக்கேற்பக் கல்லறைகள் வேறுபடுகின்றன. வாழ்நாளை எண்களாகக் கழித்துப் பார்க்கும் மாணவர், கடல் கடந்து வந்தவருள் நெடுநாள் வாழ்ந்தவர் எத்தனை பேர் என்பதைத் தாமே அறிந்துகொள்வர்.

அருகிலேயே கோட்டை. கோட்டை என்று சொல்லி அழைத்துச் சென்றால் மாணவர் ஏமாற்றமடைவர். ஆதலின் முன்பே சொல்லிவிடுவது நல்லது. முட்புதர் மூடிய மேடுகளும், அகழியின் தடங்களும், சிதைந்த செங்கற்களுமே எஞ்சியுள்ளன. பழைய வேலங்காடு என்னும் ஊர்ப்பெயர் இந்த இடத்தில் மட்டும் மீண்டும் மெய்யாகியிருக்கிறது!

அதன் வரலாறு வருமாறு. டச்சு ஐக்கிய கிழக்கிந்திய நிறுமம் 1602இல் தோன்றியது. 1610இல் விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரின் இசைவுடன் இங்கே பண்டகசாலை அமைந்தது. சாந்தோமிலிருந்த போர்ச்சுகீசியர் 1612இல் வந்து அதனைத் தாக்கி அழித்தனர். அடுத்த ஆண்டே கோட்டை எழுந்தது. அதனைக் கட்டுவித்த வெம்மர் வான் பெர்கெம் தம் சொந்த மாநிலமாகிய கெல்டர்லாந்தின் பெயரால் அதற்குக் கெல்டிரியா எனப் பெயரிட்டார். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறியது. 1781இல் நாகப்பட்டினத்தை ஆங்கிலேயர் கைப்பற்றினர். பழவேற்காடும் பின்னர் அவர் வசமாயிற்று. 1806இல் கோட்டையை அவர்கள் இடித்துத் தள்ளினர். 1818இல் ஊர் மீண்டும் டச்சுக்காரருக்கு அளிக்கப்பட்டது. 1824ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின், 1825இல், முற்றிலும் ஆங்கிலேயருக்குரியதாயிற்று.

துணியும் மனிதரும்

இத்துணை தொலைவிலிருந்து வந்தவர்கள் இவ்வூரில் எதைக் கண்டு கோட்டை கட்டினர்? துணியைக் கண்டே கட்டினர். டச்சுக்காரர் உண்மையில் நாடியது மொலுக்காஸ் தீவுகளின் கிராம்பும் ஜாதிக்காயுமே. அத்தீவு மக்களுக்கு ஐரோப்பியச் சரக்குகள் தேவைப்படவில்லை. அவர்கள் நெடுங்காலமாக விரும்பி வாங்கியது சோழமண்டலத் துணி. எனவே வெள்ளியைக் கொண்டுவந்து இங்கே துணி வாங்கி, துணியைக் கொடுத்து அங்கே நறுமணப் பொருள் வாங்கி, அதை ஐரோப்பாவில் விற்றனர். சோழமண்டலக் கரையை மொலுக்காஸின் ஒரு கையாகவே டச்சு அதிகாரிகள் கருதினர்.

இவ்வணிகத்தை அவர்கள் தொடங்கிவைக்கவில்லை. 1511இல் மலாக்காவைப் போர்ச்சுகீசியர் கைப்பற்றியபின் அங்கே தங்கியிருந்த தோமே பிரெஸ் என்பார் எழுதிய நூலில், மலாக்காவிற்குத் துணி கொண்டுவந்த துறைமுகங்களுள் ஒன்றாகப் பழவேற்காடு குறிக்கப்படுகிறது. அக்காலக் கப்பல் வணிகத்தில் முஸ்லிம் மரக்காயர்களும் செட்டிகளும் முன்னணியில் நின்றனர். மரக்காயர் என்ற சொல் மரக்கலத்தினின்று வந்தது என்பாரும், கப்பலைக் குறிக்கும் மர்கப் என்னும் அரபுச் சொல்லினின்று வந்தது என்பாரும் உளர். எப்படியாயினும் கடலை விட்டு அச்சொல்லைப் பிரிக்க இயலாது.

இத்துணியின் தடயத்தை இவ்வூரில் தேடுவதினும் மலேசியாவில் தேடுவது எளிது. அங்கே ஆடவர் வீட்டிலும் தொழுகைக்குச் செல்லும்போதும் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்குக் 'காயின் பெலேகாட்' என்று பெயர். காயின் என்றால் துணி. பெலேகாட் என்பது நம் பழவேற்காடே! பெயரைச் சொல்பவருள் பெரும்பாலோர் அஃது ஓர் ஊரின் பெயர் என்பதை அறியார். நம் பக்கத்திலும் முதியோர் பளையகாட் கைலி என்பதுண்டு. மேற்கிலும் இச்சொல் சென்றது. கட்டமிட்ட கைக்குட்டைத் துணிக்குப் புலிகாட் என்றே பெயர் வழங்க, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோப் பகுதி நெசவாளர்கள் அதனைத் தம் தறிகளில் நெய்து அதே பெயரில் விற்றனர். ஊரின் பெயர் அவ்வாறு நிலைத்தது. நெய்தவர் ஒருவரின் பெயரேனும் எக்கல்லிலும் இல்லை.

துணி மட்டும் இங்கிருந்து கப்பலேறவில்லை என்பதையும் மாணவர் அறிய வேண்டும். கோட்டைச் சார்பில் வெடிமருந்து செய்யப்பட்டது. மனிதர்களும் விற்கப்பட்டனர். 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலத்தைப் பஞ்சமும் போரும் வாட்டியபோதெல்லாம், உண்ண வழியின்றித் தம்மையும் தம் மக்களையும் விற்றவர்களைத் தரகர் வழியே வாங்கி, 1619இல் நிறுவப்பட்ட பட்டாவியாவிற்கும் பிற குடியேற்றங்களுக்கும் டச்சுக்காரர் அடிமைகளாக ஏற்றினர். அவர்களே எழுதி வைத்த கணக்குகளிலிருந்து வரலாற்றாசிரியர்கள் இதனை வெளிக்கொணர்ந்துள்ளனர். இலங்கைத் தமிழரான சின்னப்பா அரசரத்தினம் இக்கரையின் வணிகத்தையும் அடிமை வாணிகத்தையும் டச்சு ஆவணங்கள் கொண்டு ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர். கல்லறைத் தோட்டத்தில் ஓர் அதிகாரியின் குடும்பச் சின்னத்தை வியந்து நிற்கும் மாணவர், அதே துறையில் கப்பலேற்றப்பட்ட குழந்தைக்கு ஒரு கல்லும் இல்லை என்பதையும் எண்ணிப் பார்ப்பாராக. இவ்விடத்தில் ஆசிரியர் ஒரு நாழிகை நின்று இதனைச் சொல்வது, நாள் முழுவதும் சொல்லும் ஆண்டுக்கணக்கினும் பயனுடையது என்பது நம் கருத்து.

நண்பகலில் பள்ளிவாசல்

லுஹர் தொழுகையைப் பழவேற்காட்டுப் பள்ளிவாசலில் அமைத்துக்கொண்டால் நடை சீராக அமையும். பெரிய பள்ளிவாசல், சின்னப் பள்ளிவாசல் என இரண்டு பழம்பள்ளிகள் உள்ளன. மாணவியரும் பிற சமயத்தாரும் குழுவில் இருப்பின், ஜமாஅத்தாரிடம் முன்னரே சொல்லி வைத்தல் முறை.

இங்குள்ள முஸ்லிம்களிடையே ஒரு முன்னோர் மரபுச் செய்தி வழங்கி வருகிறது. அரபு நாட்டில் ஆட்சியாளருக்குப் பணிய மறுத்து வெளியேறியோர் நான்கு மரக்கலங்களில் வந்து இக்கரையில் இறங்கினர் என்பது அதன் சாரம். காலத்தைப் பலரும் பலவாறு சொல்வர். கல்வெட்டுச் சான்று போல இதனைக் கொள்ள இயலாது. அதற்காகத் தள்ளிவிடவும் வேண்டா. ஒரு சமுதாயம் தன்னைக் கடல்வழி வந்தவராகவும் வளையாதவராகவும் நினைத்துக்கொண்டது என்பதே ஒரு வரலாற்றுச் செய்தி அன்றோ? இத்தகைய செய்திகளும், திருமணப் பதிவுகளும், மார்க்க நூல்களும் தமிழகக் கடற்கரை ஊர்களில் நெடுங்காலம் அரபுத் தமிழில், அதாவது தமிழ்மொழியை அரபு எழுத்தில், எழுதப்பட்டன. அவ்வெழுத்தைத் தடையின்றிப் படிக்கவல்ல முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். பல வீடுகளில் பரணில் கிடக்கும் ஏடு இன்னதென்றே இளையோருக்குத் தெரியாது. தமிழ்த்துறை மாணவர் ஒருவர் அரபு எழுத்தையும் கற்றிருந்தால் இவ்வேடுகளைத் திறக்கும் தகுதி அவருக்கு உண்டு. நம் போன்ற கல்லூரிகளில் அத்தகையோர் இல்லாமற் போகவில்லை.

பள்ளிவாசலில் உள்ள சூரியக் கடிகாரத்தைக் காணத் தவறலாகாது. காலையில் கண்ட மணற்கடிகை காலம் கழிவதைச் சொல்வது. இது தொழுகைக்கு வேளை வந்ததைச் சொல்வது. அதன் இயக்கம் எளிது. கதிரவன் உச்சியை அடையும்போது நிழல் மிகக் குறுகும். குறுகிய நிழல் மீண்டும் நீளத் தொடங்குவதே லுஹரின் தொடக்கம். நீண்ட நிழலிலிருந்து அந்த நண்பகல் நிழலைக் கழித்தபின், எஞ்சியது பொருளின் உயரத்திற்குச் சமமானால் ஷாஃபி வழியினருக்கு அஸர் தொடங்கும். ஹனஃபி வழியினருக்கு அஃது இருமடங்காக வேண்டும்.

கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு, இது பிழையாக ஓடுகிறது என்று சிரிப்போர்க்கு ஒரு விளக்கம். இந்தியப் பொது நேரம் கிழக்கு 82½ பாகை நிரைகோட்டிற்குரியது. பழவேற்காடு ஏறத்தாழ 80.3 பாகையில், அதற்கு மேற்கே உள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம், இங்கே கதிரவன் உச்சிக்கு வருவது சராசரியாக 12 மணி 9 நிமிடத்திற்கு. புவியின் சாய்வாலும் அதன் பாதை முழு வட்டமன்மையாலும் இதுவும் ஆண்டு முழுவதும் மாறும்: பிப்ரவரி நடுவில் 12.23 அளவிலும், நவம்பர் தொடக்கத்தில் 11.52 அளவிலும் உச்சி வரும். பிழை நிழலில் இல்லை. தொழுகை நேர அட்டவணையில் லுஹர் ஏன் நாளுக்கு நாள் சிறிது நகர்கிறது என்று ஐயுறும் மாணவருக்கும் இதுவே விடை.

பிற்பகல்

உணவிற்குப்பின் கோயில்களைக் காணலாம். ஆதிநாராயணப் பெருமாள் கோயில் செம்புரைக்கல்லால் கட்டப்பட்டது. கருங்கல்லைப் போல நுண்வேலைக்கு இடங்கொடாத அக்கல்லில் இராமாயணக் காட்சிகளைச் சிறு சிறு உருவங்களாகச் செதுக்கியிருக்கின்றனர். கிட்ட நின்று பொறுமையுடன் பார்க்க வேண்டும். சமயீஸ்வரர் கோயிலும் பழமையானது. மகிமை மாதா ஆலயம் போர்ச்சுகீசியரால் 1515இல் தோற்றுவிக்கப்பட்டது என்பர். மூன்று சமயத்தாரின் வழிபாட்டிடங்களும் நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன; துறைமுகம் செழித்த ஊர்களின் இயல்பு அது.

அஸருக்குப்பின் ஏரிப்பக்கம். ஓரத்திலுள்ள ஊர்களுள் ஒன்று கோட்டைக்குப்பம். இடிந்துபோன கோட்டை அதன் பெயரில் இன்னும் இடியாமல் இருக்கிறது. இங்குள்ள மீனவரிடையே பாடு என்னும் முறை வழங்குகிறது. இறால் வளமுள்ள இடங்களை ஒருவரே கைப்பற்றாதவாறு, எந்தக் குழு எந்த நாளில் எவ்விடத்தில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானித்து முறைவைத்துக் கொள்வர். அரசு வகுத்த சட்டமன்று. ஊர் தானே வகுத்துக் காத்துவரும் கட்டுப்பாடு. பாடு என்ற ஒரே சொல் அவர்களிடத்தில் முறையையும் இடத்தையும் அன்றைய மீன்வரவையும் குறிக்கும். அகராதியில் பாடு என்ற சொல்லுக்குப் பொருள் தேடும் மாணவர், ஒரு மாலை இங்கே வந்து கேட்பது நலம். முறையில் பங்குடையோர் யார், பங்கில்லாதோர் யார் என்பதில் பூசல்கள் எழுவதும் உண்டு. எம்முறையும் எல்லார்க்கும் நிறைவளிப்பதில்லை.

ஏரியின் உயிர்நாடி முகத்துவாரம். ஆரணியாறு முதலியவற்றின் நன்னீரும் கடலின் உப்புநீரும் கலக்கும்போதே இறால் செழிக்கும். கடலிற் பிறந்த இறால் குஞ்சுகள் முகத்துவாரம் வழியே உள்ளே வந்து வளர்ந்து மீண்டும் கடலுக்குச் செல்கின்றன. மணல் சேர்ந்து வாய் அடைபட்டால் குஞ்சு வரவு குறையும். கோடையில் நீர் வற்றி உப்பு மிகும். மீனவர் முகத்துவாரம் பற்றியே எப்போதும் பேசுவது ஏன் என்பது இதனால் விளங்கும். துறைமுகத்தின் செழிப்பும் ஊரின் பசியும் ஒரே மணலைப் பொறுத்திருந்தன.

பாலத்தைக் கடந்து நடந்தால் கலங்கரை விளக்கத்தின் பெயரால் வழங்கும் குப்பமும் அப்பால் கடலும் வரும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது. படகில் ஏறும் ஆசை மாணவர்க்கு இயல்பே; உடன் செல்லும் ஆசிரியர் உறுதியாக மறுத்துவிட வேண்டும். 2011 டிசம்பர் 25 அன்று இவ்வேரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். பறவைகளைக் கரையிலிருந்தே காணலாம். பூநாரை, கூழைக்கடா, உள்ளான் ஆகியன குளிர்காலத்தில் ஆழமில்லாத நீரில் இரை தேடும்.

திரும்பும் வழியில் ஒன்று எஞ்சியிருக்கிறது. இவ்வூர் முஸ்லிம் பெண்டிர் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைவதில் பெயர் பெற்றவர். வண்ணம் ஏற்றிய ஓலைக் கீற்றுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்துக் கட்டம் கட்டமாக அவர் முடையும் பெட்டிகளைக் கையில் எடுத்துப் பார்த்தால், பெலேகாட் கைலியின் கட்டங்கள் நினைவுக்கு வரும். விலை பேசுமுன் யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டுப் பெயரைக் குறித்துக்கொள்ளலாம். மஃரிபுக்குப்பின் பொன்னேரிக்குப் பேருந்து கிடைக்கும். ஆரம்பாக்கம் செல்வோர் தொடர்வண்டி நேரத்தைக் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நன்று.